ராஜாத்தியின் பாஸ்வேர்டும் நம்பக மன்றமும்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. ஃபேனுக்கு நேராக உட்கார்ந்தால் என் குரல் காற்றோடு போய்விடும், இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள். கையில் இருக்கிற போனைக் கவிழ்த்து வையுங்கள். கதையே அதைப் பற்றியதுதான், ஆனால் அது கேட்க வேண்டியதில்லை. ஒருத்தி ஒழுங்காக வேலை செய்தாள் என்பதற்காக ஓர் அலுவலகமே அவள்மேல் சந்தேகப்பட்டு எழுந்து நின்ற கதை இது. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நடுவில் லேசாகப் பயம் வந்தால் அதையும் அடக்க வேண்டாம்.

தஞ்சாவூரில் விண்ணரசி என்று ஒரு பெண். சின்னக் கடைக்காரர்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. எந்தக் கம்பெனியிலும் இல்லை, தனி ஆள். ஒரு லேப்டாப், ஒரு தண்ணீர் பாட்டில், கழுத்தில் மாதா சுரூபம் கோத்த மெல்லிய சங்கிலி, அவ்வளவுதான் அவள் ஆபீஸ்.

முதலில் அவள் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் இருந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி எல்லாம் அவள் கைவேலை. பத்திரிகையை வாங்குகிறவர் முதலில் தேடுவது தன் பேரை, அடுத்தது சாப்பாடு எந்த மண்டபத்தில் என்பதை, மற்ற அலங்காரத்தை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள். அப்புறம் சென்னையில் ஒரு பெரிய கம்பெனி. வெளிநாட்டுச் செருப்புக் கடை ஒன்றின் இணையப் பக்கத்தில் ‘வாங்கு’ என்று ஒரு பொத்தான் இருக்கும் பாருங்கள், அந்தப் பொத்தானை மட்டும் கவனித்துக்கொள்ளும் குழுவில் வேலை. மூலை கொஞ்சம் உருண்டையாக இருக்கலாமா என்று வருஷக்கணக்கில் கூட்டம் போட்டார்கள். செருப்பு விற்றவர் முகத்தையும் அவள் பார்த்ததில்லை, வாங்கியவர் காலையும் பார்த்ததில்லை. கொரோனா வந்தபோது ஊருக்கு வந்தாள். எல்லாரும் திரும்பிப் போனார்கள். இவள் போகவில்லை.

இங்கே வந்து அவள் பழகிக்கொண்ட முறை இதுதான். எந்தக் கடைக்குப் பக்கம் செய்ய வேண்டுமோ, அந்தக் கடையில் ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், போனில் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுப்பாள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிற மாதிரி ஒரே ஒரு பக்கம் செய்வாள். இணைய முகவரியைக் கடைக்காரர் பேரிலேயே பதிவு செய்வாள். பாஸ்வேர்டை அவர்களையே போட வைத்து, மாற்றவும் சொல்லிக்கொடுத்து, கூலியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். “நாளைக்கு நான் செத்துப் போனாலும் உங்க கடை தொறந்திருக்கணும்ல” என்பாள்.

இவ்வளவு நல்ல முறை நம் ஊரில் சும்மா போய்விடுமா?

பூம்புகாரில் கருவாட்டுக் கடை மேகலா, இவள் வாரக் கடன் வசூலுக்கு வந்தவள் என்று நினைத்துப் பின்வாசல் வழியாகப் போய் மத்தியானம் வரை கடற்கரையில் நின்றாள். வலங்கைமானில் மோட்டாருக்குக் காயில் கட்டும் குழந்தைராஜ், வரி ஆபீஸ் ஆள் என்று நினைத்து அன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஒவ்வொரு திருகாணிக்கும் பில் போட்டார். இலவசமாகக் காற்று அடித்துக்கொண்ட சைக்கிள்காரருக்கும் ஒரு பில் கிடைத்தது. எல்லாம் முடிந்து பாஸ்வேர்டை அவர்களையே போட்டுக்கொள்ளச் சொன்னபோதுதான் இருவருக்கும் சந்தேகம் உண்மையிலேயே முற்றியது.

அடுத்து ராஜாத்தி. இவளைத்தான் நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ராஜாத்தி திருத்துறைப்பூண்டிப் பக்கம். புருஷன் சிங்கப்பூரில். அவன் அனுப்பியதும் வங்கிக் கடனுமாகச் சேர்த்து ஓர் அறுப்பு மிஷின் வாங்கியிருந்தாள். டயர் வைத்தது இல்லை, பெல்ட் வைத்தது. மழை பெய்து சேறாகக் கிடக்கிற வயலிலும் புதையாமல் இறங்கி, சாய்ந்த கதிரையும் அள்ளிவிடும். ஆனால் அந்தப் பக்கத்தில் மிஷின் வேண்டும் என்றால் குடியானவர் புரோக்கர் தியாகேசனைக் கூப்பிட வேண்டும். தியாகேசன் மிஷின்காரரைக் கூப்பிடுவார். குடியானவர் நம்பர் மிஷின்காரருக்குத் தெரியாது, மிஷின்காரர் நம்பர் குடியானவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் தியாகேசன் மடை மாதிரி உட்கார்ந்திருந்தார். ராஜாத்தி ஒரு முறை அவரிடம் எதிர்த்துப் பேசினாள். மிஷின் புளியமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்க ஆரம்பித்தது.

“ஒரு நாள் பூரா உக்காந்து என்னத்தப் பாக்கப் போற? மிஷின் என்ன பேசவா போவுது?” என்றாள் ராஜாத்தி.

“மிஷின் பேசாதுக்கா. உங்களுக்கு வர்ற போன் பேசும்.”

அன்றைக்குச் சொந்தபந்தத்திலிருந்து வந்த நாலைந்து போனிலும் மூன்றே கேள்விதான். வண்டி எங்கே நிற்கிறது, எங்கள் ஊருக்கு எப்போது வரும், சேற்றில் இறங்குமா. விண்ணரசி செய்த பக்கத்திலும் அந்த மூன்றுக்குப் பதில்தான் இருந்தது. இன்றைக்கு மிஷின் எந்த ஊர், நாளைக்கு எந்த ஊர் என்பதை ராஜாத்தியே காலையில் போனில் மாற்றிக்கொள்ளலாம். கீழே ராஜாத்தியின் நம்பர், பூசணிக்காய் பெரிசில்.

“இப்ப பாஸ்வேர்டு போடுங்க. எனக்குத் தெரியாம போடுங்க” என்று சொல்லிவிட்டு விண்ணரசி தள்ளிப் போய் நின்றாள்.

“எனக்கு எதுக்கு இதெல்லாம்? நீயே வச்சுக்க.”

“உங்க பீரோ சாவிய என்கிட்ட குடுப்பீங்களா?”

“மாட்டேன்.”

“இது யார் கையில இருக்கோ அவங்க அந்தப் பக்கத்துல உங்க நம்பர எடுத்துட்டு வேற நம்பர் போட்டுக்கலாம்க்கா. ஒரு நிமிஷ வேலை. ஊரே அவனக் கூப்பிடும்.”

ராஜாத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “எல்லாரும் சாவியக் கேட்டுத்தான் வருவான். நீ குடுத்துட்டுப் போறேங்கற. உனக்கு என்ன ஆதாயம்?”

“கூலி.”

“அதுக்கு மேல?”

“அதுக்கு மேல ஒண்ணும் இல்லக்கா.”

“அதான் இடிக்கிது.”

சிங்கப்பூரிலிருந்து புருஷனும் ஸ்பீக்கரில் சேர்ந்துகொண்டான். “அந்தப் பொண்ணு பஸ் ஏறுற வரைக்கும் வாசல்லயே நில்லு. டீசல் கேன எண்ணிப் பாத்துக்க.”

தை பிறந்தது. சம்பா பழுத்துக் கிடந்தது. பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கச்சனத்திலிருந்தும் விளக்குடியிலிருந்தும் ராஜாத்திக்கு நேராகவே போன் வந்தது. தார்ப்பாய் மடித்து வைக்கப்பட்டது. தியாகேசனின் போன் மட்டும் எப்போதும் இல்லாத அமைதியாக இருந்தது. அந்த வாரமே விண்ணரசிக்கு ஓர் அழைப்பு வந்தது. ‘தாங்கள் ஐயத்துக்குரியவர் அல்லர் என்று மெய்ப்பிக்கத் தங்களுக்கு அன்புடன் ஒரு வாய்ப்பு.’ அனுப்பியது டெல்டா சிறுவணிக மின்னிலக்க நம்பக மன்றம்.

இந்த மன்றத்தை யார் தொடங்கினார்கள், எந்தச் சட்டத்தில் பிறந்தது என்று யாரையும் கேட்காதீர்கள். பெயர்ப்பலகை இருந்தது, ரப்பர் ஸ்டாம்பு இருந்தது, அதனால் மன்றமும் இருந்தது. நம்பத் தகுந்தவர்களுக்கு அது சான்று கொடுக்கும். தகாதவர்கள் பேரை ‘ஐயப் பட்டியல்’ என்று வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பும். அதில் ஒருவர் பேர் வந்துவிட்டால் டீக்கடையில் அவருக்குக் கண்ணாடி டம்ளர்கூடக் கொடுக்க மாட்டார்கள், பேப்பர் கப்தான்.

தஞ்சாவூரில் ஒரு பாத்திரக் கடை மாடியில் இருந்தது மன்றம். வருகிறவர் கையெழுத்துப் போட ஒரு பேனாவைச் சங்கிலியால் மேசையில் கட்டியிருந்தார்கள். மேசையைச் சன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். சன்னலை ஐயாவு என்கிற காவல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயாவுவை ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. கேமரா ஓடவில்லை என்பது ஐயாவுவுக்கு மட்டும் தெரியும்.

உள்ளே தலைவர் நல்லக்கண்ணு, கழுத்தில் யாரோ போட்ட சால்வையை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். பக்கத்தில் தலைமை ஐயப்பாட்டு அலுவலர் பக்கிரி. ஒல்லியான மனிதர், நேர்மையானவர். மன்றத்து டீயைக் குடிக்க மாட்டார், வீட்டிலிருந்து வருகிற டீயை முதலில் மோந்து பார்ப்பார்.

“யாருக்குக் கீழ வேல பாக்குற?” என்று பக்கிரி ஆரம்பித்தார்.

“யாருக்கும் கீழ இல்லங்க. தனியா.”

“மேல யாரு?”

“மேலயும் யாரும் இல்லங்க.”

“கீழயும் இல்ல, மேலயும் இல்ல. நடுவுல நீ மட்டும் தொங்குற. எழுதிக்கிறேன்.”

சென்னை வேலையை ஏன் விட்டாள் என்று கேட்டார்கள். பொத்தான் கதையைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த நல்லக்கண்ணுவின் கண் கலங்கிவிட்டது.

“ஒத்தப் பொத்தானுக்கு இத்தன வருஷம்! அதாம்மா நிறுவனம்ங்கறது. அத விட்டுட்டு வந்தியே! நாங்களும்தான் சான்றிதழ்ல குத்துற முத்திரைக்கு இங்க் ஊதாவா பச்சையான்னு மன்றம் ஆரம்பிச்ச நாள்லேருந்து பேசுறோம். ஒரு தடவ அவசரப்பட்டிருந்தா பச்சையாப் போயிருக்கும். நீ என்னடான்னா ஒரு நாள் உக்காந்தியாம், ரெண்டு நாள்ல முடிச்சியாம். நல்ல காரியம் இவ்வளவு சீக்கிரம் முடியுமா?”

“சின்னப் பக்கம்தானுங்க.”

“அதான் கேக்குறேன், ஏன் சின்னதா இருக்கு? ஒரு குத்துவிளக்கு இல்ல, நகருற எழுத்து இல்ல, பெரியவங்க படம் ஒண்ணு இல்ல. போன் நம்பர மட்டும் இம்மாம் பெருசாப் போட்டிருக்க. யாராவது கூப்பிட்டுட்டா?”

“கூப்பிடத்தாங்க போட்டிருக்கு.”

“பக்கிரி, எழுதிக்க. ஒத்துக்கிட்டா.”

விண்ணரசிக்குச் சுடச்சுட ஒரு பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, மன்றத்துக்கு இணையப் பக்கம் உண்டா என்று மட்டும் கேட்டாள். நல்லக்கண்ணு நெஞ்சை நிமிர்த்தினார்.

“இருக்கே! தொறந்தா ‘விரைவில்’னு வரும். இன்னிக்கு வரைக்கும் அதப் பாத்து ஒரு ஆளு ஏமாந்தான்னு சொல்ல முடியுமா? ஏன்னா அதுல ஒண்ணுமே இல்ல. பாஸ்வேர்டு செஞ்சவன்கிட்ட இருக்கு. செஞ்சவன் எங்க இருக்கான்னு தெரியல. இதவிடப் பாதுகாப்பு உண்டா?”

சான்று வேண்டும் என்றால், அவளை நம்பலாம் என்று நம்பத் தகுந்த ஒருவர் வந்து சொல்ல வேண்டுமாம். விண்ணரசி பங்குச் சாமியாரை அழைத்து வந்தாள். வயதானவர், மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றார். பக்கிரி அவரிடம் மரியாதையாகத்தான் பேசினார். “ஃபாதர், நீங்க பாவசங்கீர்த்தனம் கேக்குறவங்க. ஆயிரம் பேரு ரகசியத்த வெளியில சொல்லாம வச்சிருக்கீங்க. இவ்வளவு மறைக்கிற ஒருத்தர நாங்க எப்படி சாட்சியா எடுத்துக்கறது?” சாமியார் அதுவும் சரிதான் என்பது போலத் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்து மேகலாவை அழைத்து வந்தாள். மேகலாவை நம்பலாம் என்று யார் சொல்வார்கள்? குழந்தைராஜ். குழந்தைராஜை? மேகலா. “ஒருத்தருக்கு ஒருத்தர் சாட்சி சொல்லிக்கிட்டா அதுக்குப் பேரு வட்டச் சாட்சி. விதிப்படி செல்லாது” என்று பக்கிரி அந்த விதியை எழுந்து நின்று வாசித்தார். கருவாட்டு வாசனையை மட்டும் தனியாக ஒரு வரி எழுதிக்கொண்டார்.

பிறகு கள ஆய்வு. ராஜாத்தியின் பக்கத்தில் ‘இன்று கச்சனம்’ என்று போட்டிருந்த ஒரு நாள், மன்றம் ஒரு வேனைப் பிடித்து, முன்னால் பேனர் கட்டிக்கொண்டு, கச்சனம் போயிற்று. மிஷின் கச்சனத்தில்தான் நின்றது. பக்கிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெல்ட்டைத் தட்டினார். ஓட்டுகிறவரிடம், “யாரு சொல்லி இங்க வந்த?” என்றார்.

“ராஜாத்தியக்காதாங்க.”

“கச்சனம்னு பக்கத்துல போட்டதும் அவங்கதான?”

“ஆமாங்க.”

அன்றைய அறிக்கையில் பக்கிரி இப்படி எழுதினார்: ‘மேற்படி பக்கம் சொன்ன இடத்தில் மேற்படி இயந்திரம் இருந்தது. இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருப்பதாகத் தெரிகிறது.’

விண்ணரசிக்கும் இப்போது சந்தேகம் வர ஆரம்பித்தது. தெருவில் வேன் நின்றால் சன்னலைச் சாத்தினாள். தெரியாத நம்பர் வந்தால் எடுக்கவில்லை. ‘நான் ஏதாவது தப்புப் பண்ணியிருப்பனோ’ என்று அம்மாவிடம் கேட்டாள். “பண்ணாமலா இத்தன பேரு வந்து பாக்குறாங்க?” என்றாள் அம்மா. பெற்ற தாய்க்கே அப்படி.

வியாழக்கிழமை தகவல் வந்தது. மன்றத்தின் இறுதி முடிவு: விண்ணரசி செய்து கொடுத்த பக்கங்களின் பாஸ்வேர்டுகளை, பாதுகாப்புக் கருதி, மன்றத்தின் இரும்பு பீரோவில் ஒப்படைக்க வேண்டும். ராஜாத்தியுடையது முதலில். நாளை மாலைக்குள் வராவிட்டால் ‘ராஜாத்தி மிஷின்’ ஐயப் பட்டியலில் ஏறும்.

வெள்ளிக்கிழமை காலையில் விண்ணரசி மன்றத்துக்குப் போனாள். இதுவரை அவள் கவனிக்காத ஒரு பலகை வாசலில் இருந்தது. நிர்வாகிகள் பேர். தலைவர், செயலாளர், அதற்குக் கீழே: பொருளாளர் மற்றும் பீரோ பொறுப்பு, தியாகேசன், அறுவடை ஏற்பாட்டாளர்.

அந்த வரியை அவள் இரண்டாம் தரம் படித்தாள். ராஜாத்தியின் நம்பர் இருக்கிற இடத்தில் யார் நம்பர் வரப்போகிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

“எங்கிட்ட பாஸ்வேர்டு இல்லங்க. அவங்கவங்க போட்டுக்கிட்டது. எனக்குத் தெரியாது” என்றாள்.

அறையில் ஒரு சிரிப்பலை. “செஞ்சவளுக்குத் தெரியாதாம்!” என்றார் நல்லக்கண்ணு. “தாலி கட்டுனவன் பேரு தெரியாதுங்கற மாதிரி இருக்கு. பரவால்ல, அந்தம்மாவையே வரச் சொல்லியிருக்கோம்.”

ராஜாத்தி வயலிலிருந்து நேராக வந்திருந்தாள். தலையில் வைக்கோல் தூசி, முந்தானையைச் சொருகிய கோலம். கிழக்கே நாகப்பட்டினம் பக்கம் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. நாலு வயல் பாக்கி, மழைக்கு முன்னால் அறுத்தாக வேண்டும், கதிர் ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது. பட்டியலில் பேர் வந்துவிட்டால் அந்த நாலு பேரும் இன்றைக்குச் சாயங்காலமே வேறு மிஷினைத் தேடுவார்கள். அதற்கு அவர்கள் கூப்பிட வேண்டியது தியாகேசனை.

பீரோ பக்கத்தில் உட்கார்ந்திருந்த தியாகேசன் எழுந்து வந்து ராஜாத்திக்குத் தானே நாற்காலி போட்டார். குரல் வெல்லப்பாகு.

“தங்கச்சி, உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்? ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போ. பீரோவுல பத்திரமா இருக்கும். வெளியூர்க்காரி பேச்சக் கேட்டுக்கிட்டு நம்ம ஆளுங்களோட ஏன் மல்லுக்கு நிக்கிற? அவ இன்னிக்கு இங்க, நாளைக்கு எங்கியோ. நாங்க எங்கயும் போக மாட்டோம்.”

ராஜாத்தி விண்ணரசியைத் திரும்பிப் பார்த்தாள். பாசமான பார்வை என்று சொல்ல முடியாது. இவளால்தானே இத்தனையும் என்ற பார்வை. விண்ணரசிக்கு ‘கொடுக்காதீங்க’ என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் கொடுத்தது கொடுத்ததுதானே கண்ணுகளா. அது ராஜாத்தியின் பொருள். அதை யாரிடம் கொடுக்க வேண்டும், கொடுக்கக் கூடாது என்று சொன்னால் தானும் இன்னொரு மன்றம் ஆகிவிடுவோம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

நல்லக்கண்ணு சால்வையைச் சரி செய்துகொண்டு ஓர் உரை ஆற்றினார். “அம்மா, இந்த மன்றம் நிக்கிறதே நம்பிக்கைங்கற அஸ்திவாரத்துல. அதனாலதான் நாங்க யாரையும் நம்புறது இல்ல. நம்பிக்கைய நாலு பேருக்கு வாரி எறைச்சா தீந்து போயிடும். அத பீரோவுல வச்சுப் பூட்டணும். சான்று இல்லாதவங்க கையில ஒரு துரும்பக் கூடக் குடுக்காதீங்கன்னு ஊர் ஊராப் போயிச் சொல்லிக்கிட்டிருக்கோம். நீங்க படிக்காத சனங்க, ஏமாந்துருவீங்க. எங்கள ஏமாத்த முடியாது, ஏன்னா நாங்க எதையும் கேட்டுக்கறதே இல்ல.”

பக்கிரி கை தட்டினார். தாளைப் போட்டு, பேனாவை இழுத்துக் கொடுத்தார்கள். சங்கிலி குட்டை என்பதால் ராஜாத்தி மேசைமேல் கவிழ்ந்துதான் எழுத வேண்டியிருந்தது. முதல் எழுத்து எழுதப் பேனாவை வைத்தாள். வைத்தவள் நிமிர்ந்தாள்.

“ஐயா, சான்று இல்லாதவங்களுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னீங்க.”

“ஆமாம்மா. ரொம்ப சரியாப் புரிஞ்சுக்கிட்ட.”

“உங்க சான்றக் காட்டுங்க. பாத்துட்டு எழுதிடுறேன்.”

“சான்று குடுக்கறதே நாங்கதாம்மா!”

“அதான் கேக்குறேன். ஊருக்கெல்லாம் குடுக்குறீங்க, உங்களுக்கு ஒண்ணு போட்டு வச்சிருப்பீங்கள்ல. மாட்டியிருக்கா எங்கியாச்சும்?”

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். சுவரில் நல்லக்கண்ணு ஒருவருக்குச் சால்வை போடுகிற படம் இருந்தது. ஒருவர் நல்லக்கண்ணுவுக்குச் சால்வை போடுகிற படம் இருந்தது. கேடயம் மூன்று, காலண்டர் ஒன்று. சான்று இல்லை.

அப்போது பக்கிரி மெல்ல எழுந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை யாரும் அதுவரை பார்த்ததில்லை. காணாமல் போன மாட்டைத் தூரத்தில் கண்டுவிட்டவர் முகம் மாதிரி இருந்தது.

“ஐயா, இது விதிப்படி கேள்வி.”

“பக்கிரி, உக்காருய்யா.”

“மன்றத்த நம்பலாம்னு யாராச்சும் சொல்லணும்ங்கய்யா. யாரு சொல்றா?”

“நான் சொல்றேன்யா! தலைவர் நான்!”

“உங்கள நம்பலாம்னு யாரு சொல்றா?”

“நம்ம தியாகேசன் சொல்லுவாரு.”

“தியாகேசன?”

நல்லக்கண்ணு வாயைத் திறந்தார். சொல்ல வந்த பேர் தன்னுடையது என்று தெரிந்து மூடிக்கொண்டார்.

“வட்டச் சாட்சி” என்றார் பக்கிரி. “இத்தன வருஷமா ஊர் பூரா அலைஞ்சேன்ங்கய்யா. கருவாட்டுக் கடையில தேடுனேன், காயில் கட, மாவு மில்லுன்னு ஒரு எடம் பாக்கி இல்ல. கடைசில நம்ம மாடியிலயே இருந்திருக்கு.”

“நம்ம ஆபீஸ்யா இது!”

“தெரிஞ்ச ஆளுன்னு யாரையும் விடக் கூடாதுன்னு நீங்கதானங்கய்யா எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க.”

தியாகேசன் ராஜாத்தி பக்கம் திரும்பி, “நீ எழுது தங்கச்சி, இது எங்க உள்விவகாரம்” என்றார். பக்கிரி தாவி அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்தார். ஐயத்துக்குரிய ஓர் அமைப்பு பொதுமக்களிடம் எதையும் வாங்கக் கூடாது என்று அவரே எழுதிய விதி இருந்தது. ராஜாத்தி, “சண்டையப் போட்டு முடிச்சிட்டுச் சொல்லி அனுப்புங்க. எனக்கு வயல் கெடக்கு” என்று சொல்லிவிட்டு, பேனாவைச் சங்கிலியோடு தொங்கவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். விண்ணரசி பின்னாலேயே ஓடினாள். பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தார்கள், ஆனால் ராஜாத்தி மடியிலிருந்த பையை ஜன்னல் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஐயப் பட்டியல் வழக்கம்போல எல்லாக் குழுவுக்கும் வந்தது. ஒரே ஒரு பேர்தான் இருந்தது. ‘டெல்டா சிறுவணிக மின்னிலக்க நம்பக மன்றம். சான்று இல்லை. எச்சரிக்கையாக இருக்கவும். இப்படிக்கு, மேற்படி மன்றம்.’

டீக்கடைகளில் வெகு நேரம் பேச்சு நடந்தது. “அவங்கள நம்பாதீங்கன்னு அவங்களே சொல்றாங்க. அப்ப இதையும் நம்பக் கூடாதுல்ல?” “இத நம்பலன்னா அவங்கள நம்பணும்.” “அவங்கள நம்புனா, நம்பாதீங்கங்கறத நம்பணும்.” டீ ஆறியதுதான் மிச்சம். ஆனால் அதற்கப்புறம் மன்றத்திலிருந்து என்ன வந்தாலும் ஜனங்கள் முதலில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தன் பேரில் உள்ள ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள மன்றம் தனக்குத்தானே ஓர் அழைப்பு அனுப்பியதாகவும், தகுந்த சாட்சி கிடைக்காமல் விசாரணை தள்ளித் தள்ளிப் போவதாகவும் கேள்வி. பக்கிரி மட்டும் தினமும் சரியான நேரத்துக்கு வந்து, தலைவரை விசாரித்துவிட்டுப் போகிறார்.

மேகம் அன்றைக்கு நாகப்பட்டினத்தோடு நின்றுவிட்டது. மறுநாள் மத்தியானம் வந்து கொட்டுவதற்குள் நாலு வயலில் மூன்றை ராஜாத்தி அறுத்துவிட்டாள். நாலாவதை மழைக்குப் பிறகு சேற்றோடு இறங்கி அள்ளினாள். அதற்குத்தானே பெல்ட்.

மாசி கடைசியில் விண்ணரசிக்கு ராஜாத்தியிடமிருந்து போன். சம்பா முடிந்து உளுந்து வந்துவிட்டது, ‘உளுந்தும் அறுக்கப்படும்’ என்று பக்கத்தில் ஒரு வரி போட வேண்டும், எழுத்து எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்கிறது, வந்து பார்த்துவிட்டுப் போ. விண்ணரசி திருத்துறைப்பூண்டிக்குப் பஸ் ஏறினாள். ராஜாத்தி மோர் கொடுத்தாள். மிஷின் பெல்ட்டிலிருந்த காய்ந்த சேற்றைத் தட்டிக்கொண்டே நலம் விசாரித்தாள்.

“சரிக்கா, போன எடுத்துப் பாஸ்வேர்டு போடுங்க. உள்ள போயிப் பாக்கலாம்.”

“போடுறேன். நீ அந்தப் பக்கம் திரும்பு.”

“அக்கா! நான்தானே செஞ்சு குடுத்தேன்!”

“செஞ்சவளுக்குத்தான் எந்தெந்தப் பக்கம் ஓட்டைன்னு தெரியும். திரும்புடி.”

விண்ணரசி திரும்பினாள். முன்னால், நெல் அறுத்த வயலில் உளுந்துச் செடி காய்ந்து நின்றது. பின்னால் ராஜாத்தியின் கட்டைவிரல் போன் கண்ணாடியில் தட்டுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. நீளமான பாஸ்வேர்டு போல.

“முடிஞ்சுதாக்கா?”

“இரு. மிஷின் கண்ணாடி வழியாப் பாக்குறியோன்னு இருக்கு. கண்ண மூடு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடு வாய் கொள்ளாமல் சிரித்தாள். இவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று ராஜாத்தி அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இன்னும் ஓர் எழுத்தைச் சேர்த்துப் போட்டாள்.

கதை அவ்வளவுதான் தங்கங்களே. எழுந்து போகிற வேளையில் இந்தக் கிழவி வாழ்த்தையும் மடியில் கட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வயலில் கதிர் நிமிர்ந்து நிற்கட்டும், சாய்ந்தாலும் மழைக்கு முன்னால் வீடு வந்து சேரட்டும். உங்கள் கடையில் உங்கள் பேரே இருக்கட்டும், உங்களைக் கூப்பிடுகிறவர்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். வாசலில் வந்து நிற்கிறவரைச் சந்தேகப்பட வேண்டி வந்தால், ஒரு வாய் மோர் கொடுத்துவிட்டுச் சந்தேகப்படுகிற வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். பிள்ளை குட்டியோடு, குறையில்லாமல் நன்றாக இருங்கள்.